நூல் மாதிரி விழும்

"இந்த விலைக்குக் கெட்டில் வராதுடா மச்சான், தகர டப்பாதான் வரும்!"

மைத்துனன் நீட்டிய செல்போனை அக்காள் கணவர் இரண்டு விரலால் தள்ளிவிட்டார். வடிதாளில் காபித்தூள் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி இறக்குகிற காபிக்காக, தன் சம்பளத்துக்குள் அடங்குகிற ஒரு கெட்டிலைத் தேடிக்கொண்டிருந்தான் அவன்.

"மூக்கைப் பாரு, கட்டை மூக்கு! தண்ணி குபுக்குன்னு கொட்டும். காபி கழனித்தண்ணி ஆயிடும். என்னோடது அன்னக் கழுத்து. தண்ணி நூல் மாதிரி விழும். விலையைக் கேக்காதே, மயக்கம் போட்டுடுவே."

அக்காள் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"குடிச்சுப் பாரு. உன் தகர டப்பாவுக்கு இந்த ஜென்மத்துல வருமா இது?"

வராதுதான் என்று அவனுக்கும் தோன்றியது. "அந்தக் கெட்டிலைக் காட்டுக்கா" என்று அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனான்.

மேடையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது ஒரு கட்டை மூக்குக் கெட்டில். செல்போனில் அவன் பார்த்து வைத்திருந்த அதே கெட்டில்.

"அப்போ அன்னக் கழுத்து எங்கக்கா?"

அக்காள் பால்கனியைக் காட்டினாள். பூந்தொட்டிகளுக்கு நடுவே, அடியெல்லாம் மண் அப்பி நின்றது அது.

"அதுல ஒரு கப் ஊத்தி முடிக்கறதுக்குள்ள என் ஆபீஸ் பஸ் போயிடும். அவ்வளவு பொறுமை செடிக்குத்தான்டா இருக்கு."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்ன மச்சான், பாத்தியா என் கெட்டிலை? எப்படி?"

"பிரமாதம் அத்தான்! ரோஜா நாலு மொட்டு விட்டிருக்கு!"