பின்மண்டைக்கும் கல்லுக்கும் நடுவே

ஆட்டோ உரசியதற்காக பைக்கில் வந்தவன் விட்டது ஒரே குத்துதான். தாடையில் வாங்கிய ஆட்டோக்காரர் முழங்காலை மடக்கவில்லை, கையை ஊன்றவும் பார்க்கவில்லை; நிறுத்தி வைத்த ஏணி சாய்வதுபோல் அப்படியே பின்னால் சாய்ந்தார். நிற்கும்போதே அவருக்கு நினைவு போய்விட்டது என்பது பேருந்துக்கு நின்ற கூட்டத்தில் ஜெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரிந்தது. குத்துச்சண்டை மேடையில் பதினொரு பேரை அப்படிச் சாய்த்தவள் அவள். அங்கே கீழே மெத்தை இருக்கும். இங்கே இருந்தது நடைபாதைக் கல்லின் விளிம்பு. பாய்ந்து விழுந்து, பின்மண்டைக்கும் கல்லுக்கும் நடுவே வலது கையைக் கொடுத்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"பாத்தீங்களா, ஒரே அடி!" என்று குத்தியவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"சிரிக்காதடா. இந்தக் கை இல்லன்னா இந்நேரம் நீ கொலகாரன்" என்றாள் ஜெனிட்டா.

ஆட்டோக்காரர் கண் திறந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

மாவுக்கட்டு போட்ட டாக்டர், "குத்துச்சண்டைய இனிமே மறந்துடும்மா. வீக்கம் வடியற வரைக்கும் கையைத் தூக்கியே வெச்சிரு" என்றார். ஜெனிட்டா அந்த வலது கையை இடது கையால் பிடித்து, ஜெயித்தவள் கையை நடுவர் தூக்குவதுபோல், தலைக்கு மேலே தூக்கினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கையைக் கீழே இறக்குவதாக இல்லை அவள்.