புல்தரைக்குக் கீழே

நாலு மணிச் சங்கு ஊதியதும் பூங்காவிலிருந்த முதியோர் வீடுகள் எல்லாம் மண்ணுக்குள் இறங்கின. மேலே புல்தரை மூடிக்கொண்டது. இனி ஏழு மணி வரை அது பிள்ளைகள் விளையாடும் இடம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் யாராவது இருந்தால், வீடு பறிபோய்விடும்.

தணிகைவேலு தன் படுக்கையறைக்கு நேர்மேலே போய் நின்றார்.

"தாத்தா, பிட்ச்ல நிக்காதீங்க!"

அவர் நகரவில்லை.

"கோமளாம்மா எங்க சார்?" என்று கேட்டாள் காவலாளி ரோஸ்லின்.

"மக வீட்டுக்குப் போயிருக்கா."

இடுப்பெலும்பு முறிந்த கோமளா கீழேதான் படுத்திருந்தாள். அவர் கைத்தடியால் தரையைத் தட்டினால், அவள் டம்ளரால் சுவர்க் குழாயைத் தட்டுவாள். அந்த அதிர்வு தடி வழியே அவர் கைக்கு வந்துசேரும்.

இன்று வரவில்லை. மறுபடி தட்டினார். பிறகு ஓங்கி ஓங்கிக் குத்தினார். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரோஸ்லின், என் வீட்ட மேல ஏத்தும்மா!"

"உள்ள யாரு சார்?"

"என் பொண்டாட்டி!"

வீடு மேலே வந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். டம்ளர் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. கோமளா தூக்கம் கலைந்து கண் விழித்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள ஏழாயிடுச்சா?"

வாசலில் நின்ற ரோஸ்லினைத் திரும்பிப் பார்க்காமல், "ஆயிடுச்சு" என்றார்.