பஜ்ஜிக்கடை நோயாளி

ஆதிரைக்குக் கல்லூரி உதவித்தொகை கிடையாது என்று அரசாங்கத்தின் கணிப்பு இயந்திரம் சொல்லிவிட்டது. மூன்றாம் வருடத்தில் அம்மா நிவேதா படுக்கையில் விழுவாளாம். அவளைப் பார்த்துக்கொள்ள மகள் படிப்பை நிறுத்திவிடுவாளாம்.

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே தம்பி! நாள் பூரா பஜ்ஜிக்கடை அடுப்பு முன்னால நிக்கேன்," என்று உதவித்தொகை அலுவலகக் கவுண்டரில் கத்தினாள் நிவேதா.

"கணிப்ப மாத்த எங்களால முடியாதுக்கா. வேணும்னா வேலை பாத்துக்கிட்டே படிக்கிற திட்டத்துல போடுதேன். ஃபீஸ் முழுக்க கவர்மெண்டு கட்டிரும்," என்றார் குமாஸ்தா.

ஆதிரைக்கு ஒதுக்கிய வேலை, ஒரு நோயாளியைக் கவனித்துக்கொள்வது. அந்த நோயாளி நிவேதாவேதான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு முதல் எட்டு மணி வரை, பஜ்ஜி நன்றாக விற்கிற நேரத்தில், கடையைப் பூட்டிவிட்டு அவள் கட்டிலில் படுக்க வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்தால் சுவரில் மாட்டிய கேமரா அந்த நாளைக் கணக்கில் சேர்க்காது. தெருவிலிருந்து "இன்னைக்கும் கடை இல்லையாக்கா?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நான் நெசமாவே விழுந்துட்டாலும் நீ படிப்ப விடக்கூடாது. சரின்னு சொல்லு."

ஆதிரை அம்மாவின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"வாயத் தொறந்து சொல்லேன் மூதி!"

மகள் தலை குனிந்துகொண்டாள். பாழாய்ப்போன அந்த இயந்திரம் தன் உடம்பைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்கலாம், இவளைப் பற்றிச் சொன்னது நிஜம்தான் என்று நிவேதாவுக்குப் புரிந்தது. எழுந்து அவள் கன்னத்தில் ஓர் அறை விடக்கூட முடியாமல் படுத்திருந்தாள்.