டாங்கியில் ஒட்டிய பெயர்

வாகரையில் பொழுது சாய்கிறது, கடலோரக் களப்பு நீர் கறுத்துவருகிறது. சுனாமி கணவனைக் கொண்டுபோனபின், மண்ணுக்குள் கிடந்த அவனுடைய மோட்டார் சைக்கிளைத் தோண்டியெடுத்து ஓட்டப் பழகிய கலாஜினி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். இடப்பக்கம் தனிக் கம்பில் நிற்கும் ஃப்ளாஷ் விளக்கைப் படக்காரர் அவள் முகத்துக்குத் திருப்புகிறார். நிவாரண அதிகாரி தன் நிறுவனத்தின் ஸ்டிக்கரைப் பெட்ரோல் டாங்கியில் ஒட்டுகிறார். "இது நீங்க தந்ததா?" என்கிறாள். "படத்துக்குத்தான் தங்கச்சி. நாங்க வீடு குடுக்கிற பட்டியல்ல உங்கட பேரும் இருக்கு, யோசிங்க." அவளுக்கு முகம் கொதிக்கிறது. நகத்தைக் கொடுத்து ஸ்டிக்கரைப் பிய்க்கிறாள். பாதியில் கிழிந்ததையும் விடாமல் சுரண்டுகிறாள். "என்ர பேர வெட்டுங்க. இது என்ர புருசன்ர சைக்கிள். இப்ப எடுங்க படம்." படக்காரர் தயங்கி, விரலை அழுத்துகிறார். வெளிச்சம் பளீரென்று வெட்டுகிறது. பசை பிசுபிசுக்கும் டாங்கியில் கையூன்றி, கலாஜினி அதிகாரியையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.