மேலே ஓவியம், கீழே சங்கீதம்

"மேலே ஒருத்தர் படத்தை நல்லாப் பார்க்கணும்னு ரெண்டடி பின்னால நகர்ந்தா, கீழே எங்க பாடகருக்குத் தாளம் தப்புது சார்" என்றார் சங்கீத சபையின் செயலாளர்.

"உங்க பாடகர் உச்சத்துக்குப் போனா எங்க படமெல்லாம் கோணிக்குது. தினம் காலையில ஏணி போட்டு நிமிர்த்த வேண்டியிருக்கு" என்றார் ஓவியக்கூடத்தின் தலைவி.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவரிடமே சொன்னார்கள். அவர் அந்தக் கட்டடத்தின் ஒருங்கிணைப்பாளர். பட்டப்பெயர் 'சமாதானம்'.

நூற்றாண்டு கண்ட கட்டடம் அது. கீழே இசையரங்கு, மேலே ஓவியக்கூடம். நடுவில் இருப்பது ஒரே ஒரு மரப்பலகைத் தளம். மேலே இருப்பவர்களுக்குத் தரை, கீழே இருப்பவர்களுக்குக் கூரை. அதை யார் பெருக்குவது என்று சண்டை வராததுதான் ஆச்சரியம். மற்ற எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பெரிய வாசல் யாருக்கு, முகப்பில் யார் பெயர் மேலே, மாடிப்படி வளைவில் இருக்கும் பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது யார் என்று ஒவ்வொன்றாக முளைத்தது. கடைசிச் சண்டையில் கடிகாரம் நின்றேபோனது. கலைக்குக் காலம் கிடையாது என்று இரண்டு தரப்பும் அதற்கு மட்டும் ஒருமனதாக விளக்கம் சொல்லின.

மராமத்து வேலையை மேற்பார்க்கத் தற்காலிகமாக வந்தவர்தான் சமாதானம். அவர் வந்த நேரமோ என்னவோ, சண்டை பற்றிக்கொண்டது. பேசித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கலாசாரத் துறை அவரையே நிறுத்திக்கொண்டது. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, சுழல் நாற்காலி, மேலே மின்விசிறி என்று வாழ்க்கை நிலைபெற்றது. மகள் கல்லூரியில் சேர்ந்ததுகூட அந்தச் சம்பளத்தை நம்பித்தான்.

அதற்கு இன்று காலை ஆபத்து வந்தது. துறை இயக்குநர் தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவர் வரும்போது இரண்டு பேரும் கை குலுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரையும் காலி செய்து கட்டடத்தைப் பூட்டுவார்கள். ஒருங்கிணைப்பாளரும் அத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

சேதி கேட்ட மனைவிக்கு நம்பிக்கை இல்லை. "உங்க தம்பியும் தங்கச்சி வீட்டுக்காரரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிச்சே பல வருஷமாச்சு. அவங்களையே சேர்த்துவைக்க முடியல. இந்தப் பெரிய மனுஷங்களையா சேர்த்துவைக்கப் போறீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

இப்போது, தாளமும் கோணலும் ஒரு சுற்று முடிந்ததும், செயலாளரை மட்டும் தனியே அழைத்துப் போனார். நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் சங்கீதம் அநாதை என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் போட்டார். செயலாளர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "அவங்களுக்கு விஷயம் தெரியும்னு எனக்கு எப்பவுமே ஒரு எண்ணம் உண்டு" என்றார்.

அடுத்து தலைவி. செயலாளர் அவருடைய கண்காட்சியைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று சமாதானம் சொன்னார். அது பாதி உண்மை. செயலாளர் எந்தக் கண்காட்சியும் பார்த்ததில்லை. தூக்கம் வராதது மட்டும் நிஜம். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரசனை உள்ளவர்கள் கொஞ்சம் முரடாகத்தான் இருப்பார்கள் என்று விட்டுக்கொடுத்தார்.

பிறகு எல்லாம் வெண்ணெயாக உருகியது. கச்சேரி நேரத்தில் மேலே வருகிறவர்களுக்கு மெத்தென்ற செருப்பு. இடைவேளையில் கீழே இருப்பவர்கள் மாடிக்குப் போய்ப் படம் பார்ப்பது. பெரிய வாசல் பொது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். "நீங்க முதல்ல" என்று இவர் சொல்ல, "நீங்கதான் மூத்தவர்" என்று அவர் சொல்ல, அதிலும் ஒரு சண்டை வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை.

சாயங்காலம் இயக்குநர் வந்தபோது இருவரும் சமாதானத்தின் அறையில் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரால் நம்ப முடியவில்லை. சமாதானத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். இசையும் ஓவியமும் இரு கண்கள் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினார். முடிவில் குரலை இறக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. இனிமே இங்க சண்டையே கிடையாது. அப்புறம் சமரசத்துக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

செயலாளரும் தலைவியும் கைதட்டினார்கள். வரலாற்றில் முதன்முறையாக ஒரே தாளத்தில்.

சமாதானத்தின் முகம் சற்று வெளுத்தது. இழுப்பறையைக் காலி செய்தார். மகளின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டார். அறைச் சாவியை மேசை நடுவில் வைத்தார்.

"எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. ஒரே ஒரு சின்னச் சந்தேகம்" என்றார் பணிவாக. "இந்த ரூம் இனிமே யாருக்கு?"

இரண்டு பேர் பார்வையும் சாவிக்குப் போனது.

"பாடகர்கள் உட்கார்ந்து தொண்டையைச் சரிபண்ண இடமே இல்ல" என்றார் செயலாளர்.

"நாங்க படங்களைக் குளியலறையில அடுக்கி வச்சிருக்கோம்" என்றார் தலைவி.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சாவியைப் பிடித்தன. யாருக்கு விஷயம் தெரியும், யாருக்கு ரசனை உண்டு என்ற கூச்சல் கூரையைத் தொட்டது. இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க எங்கேயும் போக வேண்டாம், உட்காருங்க" என்றார்.

சமாதானம் சுழல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பெரிய வாசல் யாருக்கு, முகப்பில் யார் பெயர் மேலே, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது யார் என்று முதன்முதலில் கேட்டவரும் அவர்தான்; ஒவ்வொரு முறையும் இதேபோல ஒரே ஒரு சின்னச் சந்தேகமாக.