விரைவில் பனி ஆரம்பம்

"போர்டே வச்சிட்டாங்க லதா. பனி வரப்போவுது, கெளம்பு."

அன்பரசி போனில் கத்தாத குறைதான். முன்பு அங்கே டிக்கெட் கவுன்டரில் இருந்த லதாவை இரவல் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் சாலையில் பறந்தாள்.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நிற்கிறது அந்த மலை. மலை என்றால் பனிச்சறுக்கு பார்க்கின் சிமென்ட் மலை. பார்க் ஓடிய நாளில் கத்திரி வெயிலிலும் மெஷின் அதன்மேல் பனியைக் கொட்டும். செங்கல்பட்டுக்காரர்கள் குரங்குக் குல்லாயும் வாடகை ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டே சறுக்குவார்கள். கையைப் பிடித்துச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது நம் அன்பரசி. செய்யூரில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண், இமயமலையை எட்டிக்கூடப் பார்க்காமல் பனிச்சறுக்கு டீச்சர் ஆகிவிட்டாள். அப்போதெல்லாம் அவள் கால் தரையிலா நின்றது!

உப்புக்காற்று மெஷினைத் தின்றது. கேட்டைப் பூட்டினார்கள். அன்பரசி படூர் அப்பார்ட்மென்ட்டில் மாடிப்படி துடைக்கப் போனாள். மலை மட்டும் ஆளை இழுத்துக்கொண்டே இருந்தது. சுவரேறிக் குதித்து வீடியோ எடுக்காத காலேஜ் பையன் இந்தப் பக்கம் கிடையாது. ஒவ்வொரு வீடியோவையும் அன்பரசி பார்த்து ஏங்குவாள்.

இன்று காலை பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்தாள். போன கையோடு படூர் வேலையை விட்டுவிட்டாள்.

ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே, இனி அங்கே திரும்பச் சேர்ப்பார்களா என்று லதா வழியெல்லாம் புலம்பினாள்.

"என் கண்ணால படிச்சேன்டி. 'விரைவில் பனி ஆரம்பம்'. சறுக்கக் கத்துத்தர இங்க என்னை வுட்டா யாரு கீறா?"

கேட் திறந்தே இருந்தது. போர்டில் ஏணி சாய்த்து, பெயின்டர் துரை எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்ட சூப்பர்வைசர் கீழே நின்றார். அன்பரசி நேராக அவரிடம் போனாள்.

"சார், ஆள் எடுக்கிறீங்களா? இந்த மலைல எனக்குத் தெரியாத எடமே இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருக்கிறாராம். கூட இருக்கிற அம்மாவும் வரலாமாம். அன்பரசி லதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா துரை, இன்னும் மாத்தலையா? ரெண்டு சுழி போட்டா பனிய்யா. மூணு சுழி போடு, பணி."

பிறகு அன்பரசியிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல வந்துடும்மா, சம்மட்டி நாங்களே குடுப்போம். உச்சிலேர்ந்து இடிச்சிக்கினே எறங்கணும்."