ஃப்ளாப் இல்லாத வண்டி

“யோவ், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

பிக்கப் வண்டியின் கதவை ஓங்கித் தட்டினார் அந்த வெள்ளைச் சட்டைக்காரர். சட்டை வெள்ளை என்பது காலர் ஓரத்தில் மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் சேறு.

வண்டியை ஓட்டி வந்த அப்பா இறங்கி இரண்டு கைகளையும் கூப்பினார். “தப்புத்தாங்க சார். பள்ளத்தைக் கவனிக்கல. சட்டையை நம்ம லாண்டரிக்குக் குடுத்தனுப்புங்க, நானே பளிச்சுன்னு துவைச்சுத் தரேன். காசு வேணாம்.”

அந்த மனிதரின் கோபம் கொஞ்சம் இறங்கியது. முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினார்.

பக்கத்து சீட்டில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மழைக்காலத்தில் அவள் கண்ணெதிரே நடப்பதே இது எத்தனையாவது தடவையோ. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். அப்பாவை எவனும் ‘யோவ்’ என்று கூப்பிடக் கூடாது என்றுதான் விழுந்து விழுந்து படித்தாள். பட்டம் வந்தது, வேலை வந்தது. யோவ் மட்டும் போகவில்லை.

வண்டி நகர்ந்ததும் வெடித்தாள். “பள்ளம் குளமாட்டம் கிடக்கு. பாக்கி ரோடு முழுக்கக் காலி. சக்கரத்தைச் சரியா அதுக்குள்ளயே விடுவீங்களா?”

“வயசாச்சுல்ல பாப்பா. முன்ன மாதிரி கண்ணு தெரிய மாட்டேங்குது.”

சொல்லிக்கொண்டே, பழக்கடைத் தள்ளுவண்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பிக்கப்பை ரிவர்ஸில் நுழைத்தார். கண்ணாடிகூட உரசவில்லை. மெக்கானிக் ஷெட் வாசலில் நூல் பிடித்த மாதிரி வந்து நின்றது வண்டி.

“பிரேக்கைப் பார்க்கணும்னு சொன்னியே, நட்டுகிட்ட சொல்லு” என்றார் அப்பா. கடைத்தெருவில் அந்த மெக்கானிக்கின் பெயரே நட்டுதான்.

அவள் பையிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகளை உருவி நட்டுவின் மேஜைமேல் பொத்தென்று போட்டாள். “பிரேக்குக்கு ஒண்ணுமில்ல. அப்படிச் சொன்னாத்தான் இவர் வருவார். இந்த மட் ஃப்ளாப்பைச் சக்கரத்துக்குப் பின்னால மாட்டுங்கண்ணே, சேறு தெறிக்காது.”

அப்பா பதறிப்போனார். “அய்யய்யோ, அது எதுக்கு? வண்டிக்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கும்.”

“வண்டியைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா என்ன?”

“காத்துல இழுக்கும் பாப்பா. டீசல் குடிக்கும்.”

“நீங்க ஓட்டுறது பிளேன் இல்லப்பா.”

“அது பின்னால தொங்கி ஆடிக்கிட்டே வந்தா எனக்குக் கவனம் போயிடும்.”

“பின்னால ஆடுறது முன்னால உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? இப்பத்தான் கண்ணே தெரியலன்னீங்க!”

நட்டு சிரிப்பை அடக்க ஸ்பேனரைக் கடித்துக்கொண்டான். “அண்ணே, ஆபீசரம்மா கேக்குறாங்க, பதில் சொல்லுங்க.”

“நீ உன் வேலையைப் பாருடா.”

“அதைத்தான் நீங்க பார்க்க விட மாட்டேங்குறீங்களே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இந்த ஃப்ளாப் இல்லாம இனிமே நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்.” அதுவரை கறாராக இருந்த குரல் சட்டென்று உடைந்தது. “போறவன் வர்றவன் எல்லாம் உங்களை யோவ்ங்கிறான். நீங்க கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு வயிறு எரியுதுப்பா. உங்களுக்கு ரோஷமே வராதா?”

அப்பா காதைச் சொறிந்தார். வண்டியின் பின்சக்கரத்தை, ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் நட்டுவிடம் தலையை ஆட்டினார். “சரி, மாட்டித் தொலை.”

நட்டு டிரில்லை எடுத்துக் குனிந்தான்.

“அண்ணே! இங்கதான் இருக்கீங்களா?”

சந்துக்குள் மூச்சிரைக்க வந்தார் ஓர் அம்மாள். கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய துணி மூட்டைகள். “மருந்துக்கடையை மூடிட்டு நேரா உங்க லாண்டரிக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. நல்லவேளை, வண்டியைப் பார்த்தேன். நீங்க துவைச்சுக் குடுத்தீங்களே அந்த வெள்ளைக் கோட்டு, புதுசா வாங்கினப்போகூட அவ்வளவு வெள்ளையா இல்லண்ணே! இனிமே எங்க வீட்டுத் துணி மொத்தமும் உங்ககிட்டதான்.”

“அதுக்கென்னம்மா, நாளைக்கே குடுத்துடுறேன்.”

“நீங்க பொறுமையா பண்ணுங்கண்ணே. உங்களை மாதிரி ஒரு தங்கமான மனுஷரை நான் பார்த்ததில்ல” என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றினாள். “பார்த்தீங்களா, இதுக்குப் பேருதான் மரியாதை. யாருப்பா அவங்க, புதுசா இருக்காங்க?”

அப்பா நட்டுவின் கையிலிருந்த டிரில்லை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

“போன மழைக்கு அவங்க மேலதான் பாப்பா சேத்தை அடிச்சேன்.”